தட்டைப் பாதம்: பிள்ளை சொல்லும் வலியைக் கேளுங்கள்



நமது அறக்கட்டளைக்கு வந்த மருத்துவ உதவி மனுக்களில் இரண்டு நம்மை யோசிக்க வைத்தன. ஒரு தாய், மகனுக்குத் தட்டைப் பாதம் என்று நகையை அடகு வைத்து விலை உயர்ந்த ஷூ வாங்கியிருந்தார். அவனுக்கோ வலியே இல்லை. இன்னொரு மாணவன், கால் வலியால் விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்துவிடுவான். வீட்டிலும் பள்ளியிலும் அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர். உண்மையில் உதவி தேவைப்பட்டவன் அவன்தான்.

பிள்ளை உளூச் செய்துவிட்டு ஈரக் காலோடு நடக்கும்போது தரையில் பதியும் தடத்தைப் பாருங்கள். உட்புறம் குறுகாமல் பாதம் முழுதும் பதிந்தால் தட்டைப் பாதமாக இருக்கலாம். சிறு குழந்தைகளுக்கு அது இயல்பு. பெரும்பாலோருக்குப் பத்து வயதுக்குள் உட்குழிவு வந்துவிடும். சிலருக்கு வராது. அதுவும் உடலமைப்பில் ஒரு வகையே.

அடுத்து, நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது குழிவு தோன்றினால் அது வளையும் பாதம். வலி இல்லையென்றால் சிகிச்சையோ சிறப்பு ஷூவோ தேவையில்லை. தாராளமாக ஓடி விளையாடலாம். ராணுவத்தில் சேர முடியாதே என்று சில இளைஞர்கள் மனம் உடைகிறார்கள். நுனிக்காலில் நிற்கும்போது குழிவு தோன்றி, வலியின்றி நன்றாக ஓடக்கூடியவரை ஏற்கும் விதி நமது ராணுவ மருத்துவத் தேர்விலும் உண்டு.

நுனிக்காலில் நின்றும் குழிவு வராமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ, வலி இருந்தாலோ, கணுக்கால் அடிக்கடி சுளுக்கினாலோ, ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையானாலோ தாமதிக்க வேண்டாம். பாத எலும்புகள் பிறவியிலேயே ஒன்றோடொன்று இணைந்திருப்பது பதின்ம வயதில்தான் பலருக்கு வலியாக வெளிப்படும். அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கெண்டைக்கால் தசை இறுக்கமாக இருந்தால் ஒரு பயிற்சி உதவும். சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய வேண்டும். 30 விநாடிகள், ஒவ்வொரு காலுக்கும் 3 முறை. குதிகாலை உறுதியாகப் பிடிக்கும் ஷூவே நல்லது. மெல்லிய ரப்பர் செருப்பு வலியைக் கூட்டலாம். ஷூவுக்குள் வைக்கும் தாங்கி வலியைக் குறைக்கும். ஆனால் புதிதாகக் குழிவை உண்டாக்காது. இதை அறியாமல் பணத்தை இழக்காதீர்கள்.

தொழுகையில் அத்தஹிய்யாத் இருப்பில் கால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். இயன்றவாறு அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

மருத்துவர் தாங்கி எழுதிக் கொடுத்து, வாங்க வசதி இல்லையென்றால், அந்தச் சீட்டுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம்.