பட்டை சேர்த்தால் பாரம் தாங்குமா?

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகம் போகும் வழியில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களின் அடியில் குனிந்து பாருங்கள். கமான் கட்டில் (லீஃப் ஸ்பிரிங்) துருவேறிய பட்டைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் கருகருவென்று புதிதாக இருக்கும். “ரெண்டு பட்டை ஏத்தியாச்சு, இனி கூட அஞ்சு டன் போடலாம்” என்பார் ஓனர்.

பட்டை தாங்கும், சரி. ஆக்சில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையதுதானே? வால் தொங்காததால் அதிக பாரம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். கன்டெய்னர் பெட்டியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது விறைத்த கமான் அசையாது. சக்கரம் குதிக்கும், பிரேக் போட்டால் வழுக்கும்.

சட்டமும் பட்டையை எண்ணுவதில்லை. 2018இல் உயர்த்திய வரம்புப்படி முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 11.5, இரட்டை அச்சுக்கு 21, மூன்று அச்சுக்கு 27.

“கன்டெய்னர் இழுக்கப் பத்துச் சக்கர ஹார்ஸ்தான் வேணும்” என்பது அடுத்த தவறான நம்பிக்கை (ஹார்ஸ் என்றால் டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி). கூட்டிப் பாருங்கள்: ஆறு சக்கர ஹார்ஸும் மூன்று அச்சு டிரெய்லரும் சேர்ந்தால் 45.5 டன். பெட்டியின் வழக்கமான உச்ச எடை சரக்கோடு 30.48 டன். மீதி 15 டன்னில் வண்டியின் சொந்த எடை அடங்கினால், கூடுதல் அச்சுக்கும் நான்கு டயருக்கும் எதற்குச் செலவு?

இன்னொரு நம்பிக்கை, ஜோடி டயரில் ஒன்று காற்றுப் போனாலும் மற்றது தாங்குமாம். தாங்கும், சூடேறி அதுவும் வெடிக்கிறவரை. தேய்ந்ததையும் புதியதையும் ஜோடி சேர்த்தாலும் உயரமானதே பாரத்தைச் சுமக்கும்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. “இருபதடிப் பெட்டியை நாற்பதடி டிரெய்லரில் எங்கே வச்சா என்ன?” கிடங்கில் கதவு திறக்க வசதி என்று வால்பக்கம் வைக்கிறார்கள். அப்போது பாரம் முழுக்க டிரெய்லர் அச்சுகளுக்குப் போய்விடும். ஹார்ஸின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. மழையில் மேம்பாலம் ஏறினால் சக்கரம் வெறுமனே சுற்றும். இறக்கத்தில் பிரேக் அடித்தால் டிரெய்லர் தள்ளி ஹார்ஸை மடக்கிவிடும். முன்னால் தள்ளி வைத்தாலோ ஹார்ஸின் அந்த 11.5 டன் பின் அச்சு திணறும். டிரெய்லர் வாங்கும்போதே இருபதடிப் பெட்டியை நடுவில் பூட்டும் லாக் இருக்கிறதா பாருங்கள். ஒற்றைப் பெட்டியை அதில் பூட்டச் சொல்லுங்கள்.

எடைமேடையில் மொத்த எடைச் சீட்டோடு கிளம்பிவிடாதீர்கள். ஹார்ஸின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, டிரெய்லர் சக்கரங்களுக்கு ஒரு எடை என்று கேட்டு வாங்குங்கள். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.