வங்காலைச் சேற்றுவெளியும் கரைப்பறவைகளும்

கேள்வி: மன்னார்க் கரையில் கூட்டமாக இறங்கும் வலசைப் பறவைகள் மலைநாட்டுக்கு அவ்வாறு வராதது ஏன்?
- வாசகர், ராகலை

பதில்: பருவந்தோறும் இனப்பெருக்க இடத்துக்கும் குளிர்கால இடத்துக்கும் இடையே நிகழும் பயணமே வலசை எனப்படும். ஆர்க்டிக் தூந்திராவில் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான் போன்ற கரைப்பறவைகள், மத்திய ஆசியப் பறப்புப் பாதை வழியே மன்னாரை அடைந்து, கடல் வற்றும்போது வெளிப்படும் சேற்றில் அலகைக் குத்திப் புழுக்களையும் பூச்சிகளையும் தின்று, திரும்பும் பயணத்துக்குரிய கொழுப்பை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. தேயிலைச் சரிவுகள் நிறைந்த மலைநாட்டில் இத்தகைய சேற்றுவெளி இல்லை. எனினும், நன்னீர்ச் சதுப்பில் இரைதேடும் ஊசிவால் உள்ளான் அங்கும் வருகிறது. மன்னார்க் கரையில் இத்தகைய சேற்றுவெளி கொண்ட, 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வங்காலை, 2010இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது. சேற்றுவெளியைத் தரிசு எனக் கருதி நிரப்புவதும் குப்பை கொட்டுவதும் நிறுத்தப்பட்டாலன்றி, அறிவிப்புகள் மட்டும் இப்பறவைகளைக் காப்பாற்றா.