கிலோமீட்டருக்கு ஓர் ஆள்: வீடற்றோருக்காக மாரத்தான் ஓடுவது எப்படி?

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். உடம்பில் கோளாறு இல்லாத ஒருவர் நான்கைந்து மாதம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் ஓடி முடித்துவிடலாம். அந்த ஓட்டத்தைக் காட்டி, கூரையில்லாத யாரோ ஒருவருக்காகத் தெரிந்தவர்களிடம் பணம் கேட்பதற்குத்தான் நா எழாது. அதனால் பணத்திலிருந்தே தொடங்குவோம்.

முதலில், யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. 2019-இல் மாவட்டத் தலைநகரான நம் கள்ளக்குறிச்சியின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்துச் சொச்சம்தான். லட்சக் கணக்கு இப்படிப்பட்ட ஊர்களை எட்டுவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் பேருந்து நிலையத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால், யாருக்காக ஓடுகிறோம் என்பது புரியும். படம் மட்டும் எடுக்காதீர்கள். தூங்குகிறவர் முகத்தைக் காட்டி வசூலிக்கும் பணம் வேண்டவே வேண்டாம்.

ஓர் ஓட்டத்துக்காகப் புதிதாக அறக்கட்டளை தொடங்குவது வீண் வேலை. மனநலம் குன்றித் தெருவுக்கு வந்த பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’, மதுரையில் நாராயணன் கிருஷ்ணனின் ‘அக்ஷயா’ போல, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களோடு சேருங்கள். எந்த அமைப்பானாலும் வரிவிலக்குச் சான்று, அரசின் என்.ஜி.ஓ. தர்பண் தளத்தில் பதிவு, கடைசி ஆண்டின் தணிக்கைக் கணக்கு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஆயிரம் ரூபாயில் அவர்களால் என்ன செய்ய முடியும் என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைத்தான் நீங்கள் ஊரில் சொல்ல வேண்டும், நீங்களாக ஒரு கணக்குப் போடக் கூடாது.

அடுத்தது, இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் மறக்கக் கூடாதது: உங்கள் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. அமைப்பின் வங்கிக் கணக்குக்கோ, உங்கள் ஓட்டத்துக்கென்று அவர்கள் உருவாக்கித் தரும் இணைப்புக்கோ நேராகப் போகட்டும். கடைவீதியில் ரொக்கமாகத்தான் நீட்டுவார்கள். அதற்கு அமைப்பின் ரசீதுப் புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ரொக்கம் இரண்டாயிரத்தைத் தாண்டினால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் மாமா இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் பணம் உள்நாட்டு நன்கொடைதான். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) அனுமதி உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லியில் ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் அதை வாங்கலாம். சொந்தக்காரர்தானே என்று சாதாரணக் கணக்கில் போடச் சொன்னால் சிக்கல் அமைப்புக்கு.

கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நோட்டில் ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை எண் போடுங்கள். ஒரு கிலோமீட்டர் ஒருவருக்கு, ஆயிரம் ரூபாய். மிச்சமுள்ள 195 மீட்டர் உங்களுடையது. அதற்கான பணத்தை முதல் ஆளாக நீங்களே கட்டுங்கள். பிறகு மொய் நோட்டைப் போலத்தான்: முன்னால் எழுதியிருப்பவர் யார், எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் பேனாவை எடுப்பார். அதனால் தாராளமாகக் கொடுக்கக்கூடிய சித்தப்பாவையோ பழைய வாத்தியாரையோ முதல் ஐந்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டால் கட்டைவிரல் குறிகள் குவியும், காசு வராது. ஆளாளுக்குப் போன் செய்யுங்கள்.

எந்தப் போட்டியில் ஓடுவது? சென்னை மாரத்தான் ஜனவரி முதல் ஞாயிறு வாக்கில் நடப்பது, நமக்கு வசதி. அதன் நுழைவுக் கட்டணம் உங்கள் அமைப்புக்குப் போகாது என்பதைக் கொடுப்பவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மும்பை மாரத்தானில் நிதி திரட்டலையே போட்டியோடு சேர்த்து யுனைடெட் வே மும்பை நடத்துகிறது. பக்கத்துக் கல்வராயன் மலையிலேயே நாமாக ஓடினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆம்புலன்ஸ், தண்ணீர்ப் பந்தல், மூடிய சாலை மூன்றும் இல்லாமல் முழு மாரத்தானை மலையில் வைக்காதீர்கள். மலை பயிற்சிக்கு.

ஜனவரிப் போட்டிக்கு ஆகஸ்ட் கடைசியில் பயிற்சியைத் தொடங்க வேண்டும். முப்பத்தைந்து வயது தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். வாரம் நான்கு நாள் ஓட்டம் போதும். மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். ஞாயிறன்று நீண்ட ஓட்டம்: பத்து கிலோமீட்டரில் தொடங்கி மெல்ல மெல்ல முப்பதுக்கு ஏறுங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணை போய்த் திரும்பினால் ஏறத்தாழ அந்தத் தூரம் வந்துவிடும். ஆனால் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால், பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர்கள் விடியற்காலையில் அந்தச் சாலையை நிறைத்துவிடும். வண்டி வரும் திசையைப் பார்த்து, சாலையின் வலது ஓரத்தில், ஒளிரும் பட்டை அணிந்து ஓடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அணைக்கு மேலே வெள்ளிமலைச் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் ஏறுங்கள். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, துணைக்கு ஓர் ஆளோடு. காட்டுக்குள் பிரியும் ஒற்றையடிப் பாதைகளுக்கு வனத்துறையிடம் கேட்காமல் போக வேண்டாம். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். தொடையை உடைப்பது இறக்கம். புதிதாக ஓடுபவர்கள் ஏறியதும் பஸ் பிடித்து இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டுக்குக் கடையில் விற்கும் ஜெல் கட்டாயமில்லை. இங்கே விளையும் மரவள்ளிக்கிழங்கை அவித்து முந்தின நாள் சாப்பிடலாம். ஓடும்போது வாழைப்பழம், கடலை மிட்டாய். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்தாகும். உப்பு போட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். வைத்துக்கொள்ளுங்கள். பந்தய நாளில் புது ஷூ, புதுத் தின்பண்டம் எதுவும் வேண்டாம். கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

இன்னொரு யோசனை. 2007-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆன் மாலம் தொடங்கிய ‘பேக் ஆன் மை ஃபீட்’ அமைப்பு, காப்பகத்தில் இருப்பவர்களையே விடியற்காலையில் கூட்டிக்கொண்டு ஓடியது. உங்கள் அமைப்பு சம்மதித்தால், அங்கிருக்கும் விருப்பமுள்ளவர்களோடு ஒரு நாள் காலை மூன்று கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள்.

ஓடி முடித்த அன்றே, முடித்த நேரத்தை நாற்பத்திரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். தருகிறேன் என்று சொல்லித் தராதவர்கள் நாலைந்து பேர் நிச்சயம் இருப்பார்கள். அந்தச் செய்தியே அவர்களுக்கு நினைவூட்டல், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். இணைப்பை இன்னும் இரண்டு வாரம் திறந்து வையுங்கள். பிறகு அமைப்பு கொடுக்கும் மொத்தத் தொகைக் கடிதத்தை நகலெடுத்து, ரசீதுகளோடு எல்லோருக்கும் சேர்த்துவிடுங்கள்.