நரிவெங்காயம்: பார்த்தா வெங்காயம், தின்னா விஷம்!



போன கோடை லீவுல நானும் என் தம்பியும் அப்பத்தாவோட ஆடு மேய்க்கப் போனோம். கண்மாய்க்கு மேற்கே சரளைப் பொட்டலில் ஒரு செடி நின்றது. இலையே இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு, அதில் மங்கலான சின்னச் சின்னப் பூக்கள். தம்பி குச்சியால் தோண்டினான். உள்ளே கைப்பிடி அளவு வெங்காயம்! "கஞ்சிக்குக் கடிச்சுக்கலாம்"னு தோலை உரிச்சுட்டான். அப்பத்தா ஓடி வந்து தட்டி விட்டுச்சு. "கீழ போடுடா! அது நரிவெங்காயம்டா, வாயில வச்சிராத!" அன்னைக்கு ராத்திரி வரை தம்பிக்குக் கை அரிப்பு நிக்கல.

லீவு முடிஞ்சதும் அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பெயர்: இதன் அறிவியல் பெயர் டிரிமியா இண்டிகா. முன்பு அர்ஜினியா இண்டிகா என்றார்கள். 1977-இல் இப்போதைய பெயர் வந்தது. காட்டு வெங்காயம் என்றும் சொல்வார்கள். நரிப்பயறு, பேய்ப்புடல் மாதிரி, வீட்டுப் பயிரைப் போலவே காட்டில் வளர்வதற்கு நம்ம முன்னோர் நரி, பேய் என்று அடைமொழி வைத்தார்கள். உண்மையில் இது வெங்காயக் குடும்பமே இல்லை.

வாழிடம்: வறண்ட சரளை நிலம், கரட்டு ஓரம், முள்காடு, கடற்கரை மணல். தண்ணீர் தேங்கும் இடம் இதற்கு ஆகாது. மழைக்காலத்தில் இலை விட்டு உணவு தயாரித்துக் கிழங்கில் சேர்த்து வைக்கும். வெயில் வந்ததும் இலை காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். அந்தச் சேமிப்பை வைத்துத்தான் கோடையில் இலை இல்லாமலே பூக்கிறது. மறுபடி மழை பெய்தால்தான் இலை வரும்.

விஷம்: கிழங்கில் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் இருக்கின்றன. தின்றால் வாந்தி, பேதி வரும். இதயத்துடிப்பு தாறுமாறாகும். உயிருக்கே ஆபத்து. அரிப்புக்குக் காரணம் சாற்றில் உள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். இதே கிழங்கிலிருந்து இருமல் மருந்தும் செய்திருக்கிறார்கள். ஆனால் அளவு தெரிந்தவர்கள் செய்வது வேறு, நாம் கைவைத்தியம் பார்ப்பது வேறு.

கண்டுபிடிப்பது எப்படி?
1. வெங்காயத் தாள் குழல் மாதிரி உள்ளே காலியாக இருக்கும். நரிவெங்காயத்தின் இலை தட்டை.
2. வெங்காயப் பூ தண்டின் நுனியில் பந்து மாதிரி இருக்கும். இதில் தண்டு நெடுக தனித்தனியாகப் பூக்கும்.
3. இதில் வெங்காய வாசனை வராது.

எந்தக் காரணத்துக்காகவும் ருசி பார்க்காதீர்கள்! யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். பொட்டலைப் பார்த்து "சும்மாதானே கெடக்கு"னு சொல்லி சரளை அள்ளுகிறோம். மண்ணோடு கிழங்கும் போய்விடும். விஷச்செடி என்பதற்காகப் பிடுங்கி எறியவும் வேண்டாம். அது நம்மைத் தேடி வந்து கடிக்கப் போவதில்லை. தெரிந்துகொண்டு தள்ளி நின்றால் அதுவும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்.

தம்பி இப்போது எந்தக் கிழங்கைத் தோண்டினாலும் முதலில் அப்பத்தாவிடம்தான் காட்டுகிறான். நீங்களும் உங்க வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி