ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதையில் பேருந்து செல்கிறது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். சாமை விளையும் சரிவுகளும் பலா மரங்களும் தென்படும். இதுவே ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூருக்கு அருகில் பீமன் அருவி இருக்கிறது. கோடையில் மெலிந்துபோகும் இவ்வருவி, மழைக்காலத்தை அடுத்து நன்றாக விழும்.

ஒரு விடுமுறை நாளில் என் குடும்பத்துடன் அங்கே சென்றேன். அருவிக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கிய ஒரு மடு இருந்தது. அடியிலிருந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு! ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன், "இறங்கட்டுமா, அப்பா?" என்று கேட்டான். கரையிலிருந்தபடியே நான் பார்த்தேன். "இடுப்பளவுதான் இருக்கும், இறங்கு" என்றேன்.

அப்போது, அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். "ஐயா, பையனை நிறுத்துங்க! இதை முதல்ல விட்டுப் பாருங்க" என்று தம் கையிலிருந்த நீண்ட மூங்கில் கழியை நீட்டினார். கழியை மடுவில் செங்குத்தாக விட்டேன். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெளியே எடுத்து, நனைந்த பகுதியின் நீளத்தைச் சாணால் அளந்தபோது என் உடல் நடுங்கியது. ஏறக்குறைய 1.9 மீட்டர்! நீந்தத் தெரியாத என் மகனின் தலைக்கு மேல் நீர் நின்றிருக்கும்.

ஆண்டுதோறும் வகுப்பில் ஒளிவிலகல் பாடம் நடத்தும் நான்தான் அப்படி ஏமாந்தேன். மாணவர்களே, நீங்கள் ஏமாறாமல் இருக்கவே இக்கட்டுரை.

கண் ஏன் ஏமாறுகிறது?

ஒளி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. நீரில் அதன் வேகம் ஏறத்தாழ 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டராகக் குறைகிறது. ஆகவே, நீரிலிருந்து காற்றுக்குச் சாய்வாக வெளிவரும் ஒளிக்கதிர் மேற்பரப்பில் வளைகிறது. இதுவே ஒளிவிலகல். இந்த வளைவுக்கான விதியை டச்சு அறிஞர் ஸ்நெல் 1621ஆம் ஆண்டு கண்டறிந்தார்.

ஆனால், கதிர் வளைந்து வந்தது நம் கண்ணுக்குத் தெரியாது. அது நேராகவே வந்ததாக எண்ணிக்கொள்கிறது. அதனால் மடுவின் அடி மேலே எழும்பி வந்தாற்போல் தோன்றுகிறது. நேர் மேலிருந்து பார்த்தால், தோன்றும் ஆழம் உண்மை ஆழத்தில் முக்கால் பங்கு. நான்கு அடி ஆழம் மூன்று அடியாகத் தெரியும்.

கரையில் நின்றபடி சாய்வாகப் பார்த்தாலோ ஏமாற்றம் இன்னும் அதிகம். சாய்வு கூடக்கூட, தோன்றும் ஆழம் உண்மை ஆழத்தில் பாதியாகவும் அதற்கும் குறைவாகவும் ஆகிவிடும். 1.9 மீட்டர் ஆழம் எனக்கு இடுப்பளவாகத் தோன்றியதன் காரணம் இதுதான். நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நம் நம்பிக்கையும் கூடிவிடுகிறது. அதுவே ஆபத்து!

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு வாளியில் 24 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றுங்கள். அடியில், வாளியின் ஓரத்தை ஒட்டி ஒரு நாணயத்தைப் போடுங்கள். வாளிக்கு வெளியே, அதே ஓரத்தை ஒட்டி இன்னொரு நாணயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து பாருங்கள். தலையைச் சற்றே இப்படியும் அப்படியும் அசைத்தாலும் இரண்டு நாணயங்களும் ஒன்றாகவே நகரும்வரை, வெளி நாணயத்தை ஏற்றி இறக்குங்கள். இப்போது நீர்மட்டத்திலிருந்து வெளி நாணயம் எவ்வளவு கீழே இருக்கிறது? அளந்தால் ஏறக்குறைய 18 செ.மீ. வரும். 24இல் முக்கால் பங்கு!

அதே மலையில் ஒரு தொலைநோக்கி

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. அங்கே பணிபுரியும் வானியலாருக்கும் ஒளிவிலகல் தொல்லைதான். காற்று மண்டலத்தில் நுழையும் விண்மீனின் ஒளி வளைவதால், விண்மீன் உள்ளபடியைவிடச் சற்று உயரத்தில் தெரிகிறது. சூரியன் அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும் வேளையில், உண்மையில் அது அடிவானத்துக்குக் கீழே போய்விட்டிருக்கும்! வானியலார் கண்ணை அப்படியே நம்புவதில்லை. கணக்கிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். மடுவின் கரையில் நாமும் அதைத்தானே செய்யவேண்டும்?

நுரையில் மிதக்க முடியுமா?

ஆழம் மட்டுமா ஏமாற்றுகிறது? அருவி விழும் இடத்தில் பால்போல் பொங்கும் நுரையையும் பார்ப்போம்.

5 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழுவதாகக் கொள்வோம். அது கீழே வந்துசேர ஒரு வினாடி ஆகும். அப்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். இந்த வேகத்தில் மோதும் நீர் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது. அந்தக் காற்றுக் குமிழ்களே வெண்ணுரை.

இனி ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைவுகூருங்கள். 40 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன் முழுவதும் மூழ்கினால், ஏறத்தாழ 40 லிட்டர் நீரை விலக்குகிறான். அந்த நீரின் எடையும் 40 கிலோ. ஆகவே அவன் மூச்சை இழுத்துப் பிடித்தால் மிதக்க முடிகிறது. நுரைநீரில் பத்தில் ஒரு பங்கு காற்று என்றால், அவன் விலக்கும் 40 லிட்டரின் எடை 36 கிலோதான். 4 கிலோ குறைகிறது; சிறுவன் அமிழ்கிறான். கையால் துழாவினாலும், குமிழ் நிறைந்த நீர் போதிய பிடிப்பைத் தராது.

மேலும், விழும் நீர் அடிவரை பாய்ந்து, சற்றுத் தள்ளி மேலெழுகிறது. அதில் ஒரு பகுதி மேற்பரப்பு வழியே மீண்டும் அருவியை நோக்கியே திரும்புகிறது. இந்தச் சுழலில் அகப்பட்டவரை அது அருவியின் அடிக்கே இழுத்துச் செல்லும். எனவே, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் வெண்ணுரைப் பகுதியை நெருங்கக் கூடாது.

நினைவில் கொள்ளுங்கள்

பெரியவர்கள் துணையின்றி மடுவில் இறங்காதீர்கள். ஊர்க்காரர்களைக் கேளுங்கள், கழி விட்டு அளந்து பாருங்கள். தலைகீழாகக் குதிக்கவே கூடாது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையுச்சியில் மழை பெய்யலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலை தழைகள் மிதந்து வந்தாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

யாராவது தவறி விழுந்தால் நீங்கள் குதிக்காதீர்கள். உரக்கக் கூவி ஆள் சேருங்கள். கழியையோ வேட்டியையோ நீட்டுங்கள். இறுக மூடிய காலி 5 லிட்டர் கேனை எறியுங்கள். அது ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தாங்கும். ஒருவரின் தலையை நீருக்கு மேல் வைத்திருக்க அது போதும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னார்கள். கண்ணால் பார்த்தது ஆழம் தெரிந்ததாகாது என்பதைப் பாடநூலில் படித்திருந்த எனக்கு, ஒரு மூங்கில் கழியால் உணர்த்தினார் அந்தப் பெரியவர்.

சிந்தியுங்கள்

1. நீருக்குள் இருக்கும் மீனுக்கு, கரையில் நிற்கும் நீங்கள் உயரமாகத் தெரிவீர்களா, குள்ளமாகத் தெரிவீர்களா?

2. அருவியின் உயரம் 5 மீட்டருக்குப் பதில் 45 மீட்டரானால், கீழே வரும் நீரின் வேகம் எத்தனை மடங்காகும்? ஒன்பது மடங்கு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்!