மறதிநோயாளர் எங்கே வசிப்பது நல்லது?

எங்களிடம் வரும் குடும்பத்தினரை நோக்கி "அம்மா யார் வீட்டில் இருக்கிறார்?" என்று கேட்டால், "மாதம் ஒருவர் வீட்டில்" என்ற விடையே அடிக்கடி கிடைக்கிறது. மூன்று பிள்ளைகள், மூன்று வீடுகள். செலவும் உழைப்பும் சமமாகப் பங்கிடப்படுகின்றன. உடன்பிறந்தாருக்குள் மனத்தாங்கலும் இல்லை. ஆயினும் இந்த ஏற்பாட்டால் இழப்பவர் நோயாளரே.

மறதிநோயில் பெரும்பாலும் முதலில் குறைவது, புதியவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளும் திறன். நெடுங்காலம் வாழ்ந்த வீட்டில் கழிவறைக்குச் செல்லும் வழி கால்களுக்கே பழகியிருக்கும். புதிய வீட்டில் அதை அவர் கற்றாக வேண்டும். ஓரளவு பழகும்போது அடுத்த வீட்டுக்கு முறை வந்துவிடுகிறது. இரவில் எழுந்து வழி தேடி விழுதல், உடையிலேயே சிறுநீர் கழித்தல், "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் நிற்றல் ஆகியவற்றை நோய் முற்றியதன் அடையாளம் எனக் குடும்பத்தினர் எண்ணிக் கலங்குகின்றனர். இடமாற்றமும் இவற்றுக்குக் காரணமாகலாம். நோயாளர் ஓரிடத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் முறைவைத்து வந்து தங்கட்டும் என்பதே எங்கள் கருத்து. வர இயலாதவர் பணமாகப் பங்களிக்கலாம்.

இந்தியாவில் 60 வயது கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே பராமரிக்கப்படுகின்றனர். அதற்குச் செலவில்லை என்று கருதுவது தவறு. வேலையை விட்டு நின்ற மகளின் ஊதியத்தையும் அவர் இழந்த உறக்கத்தையும் எவரும் கணக்கில் எழுதுவதில்லை. (மகன் வேலையை விட்டு நின்றதை நாங்கள் அரிதாகவே கண்டிருக்கிறோம்.) பகல்நேரப் பராமரிப்பு மையம் அருகில் இருந்தால் சில மணி நேரம் ஓய்வு கிடைக்கும், இரவுக் கவனிப்பு வீட்டாரைச் சேர்ந்ததே.

இல்லத்தில் சேர்ப்பதைக் கைவிடுதலாகக் கருத வேண்டியதில்லை. இரவெல்லாம் விழித்திருப்பவர், வெளியே சென்று வழிதவறுபவர், இருவர் தாங்கினாலன்றி எழ இயலாதவர் ஆகியோருக்குப் பயிற்சி பெற்றவர்கள் மாறி மாறிப் பணிபுரியும் இல்லமே பாதுகாப்பானதாக இருக்கலாம். சேர்க்குமுன் இரவுப் பணியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். மாலையில் சென்று பாருங்கள். நோயாளர் பலருக்குக் குழப்பம் மிகும் நேரம் அதுவே. நோயை மறைத்துச் சேர்க்காதீர்கள். பொதுவான முதியோர் இல்லங்கள் பல, நோய் தெரிந்ததும் திருப்பியனுப்பிவிடும். அது நோயாளருக்கு இன்னோர் இடமாற்றம்.

தொடக்க நிலையிலுள்ள நோயாளரால் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல முடியும். அவரிடமே கேட்டு, அதை எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உடன்பிறந்தோர் அனைவரும் ஒன்றாக வாருங்கள். வெளியூரில் இருப்பவர் தொலைபேசியில் இணையலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567இலும் வழிகாட்டுதல் பெறலாம்.