காட்டுப்பாதை லாரிக்கு எந்த டிபரென்ஷியல் தகும்?

ஐப்பசி மழை ஓய்ந்த பின், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் நிலங்களில் உரமூட்டை ஏற்றிச் செல்லும் சிறு லாரி வண்டிப்பாதையில் அகப்பட்டுக்கொள்வது வழக்கம். அப்போது ஒரு பின்சக்கரம் மாத்திரம் சேற்றை வாரியிறைத்துச் சுழன்றுகொண்டிருக்கும். கெட்டியான மேட்டில் நிற்கும் மற்றச் சக்கரமோ அசையவே அசையாது. எஞ்சினுக்குப் பலம் போதவில்லையென்று எண்ணி, பெரிய எஞ்சினுள்ள வண்டியைத் தேடுகிற மிராசுதார்கள் உண்டு. அது வீண் செலவு. காரணம், பின் அச்சின் நடுவேயுள்ள டிபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியில் இருக்கிறது.

வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைக் காட்டிலும் அதிக தூரம் உருள வேண்டும். அதற்கு இடங்கொடுப்பதே டிபரென்ஷியலின் வேலை. ஆனால் அது இரு சக்கரங்களுக்கும் சமமான விசையையே பகிர்ந்தளிக்கும். ஏர்க்கால் நுகத்தடியின் நடுவில் கட்டப்பட்டிருப்பதை இதற்கு ஒப்பிடலாம். ஒரு மாடு தளர்ந்துவிட்டால், மற்ற மாடு எவ்வளவு வலுவுள்ளதாயினும் நுகம் ஒருபுறம் சாயுமேயன்றி ஏர் முன்செல்லாது.

ஒரு கணக்கினால் இது விளங்கும். ஒவ்வொரு பின்சக்கரத்தின் மீதும் 500 கிலோ பாரம் இருப்பதாகவும், சேற்றில் அப்பாரத்தில் பத்தில் ஒரு பங்கும் கெட்டித் தரையில் பத்தில் ஆறு பங்கும் பிடிப்பாகக் கிடைப்பதாகவும் கொள்ளலாம். சேற்றிலுள்ள சக்கரம் 50 கிலோ விசைக்கு மேல் தாங்காது. மற்றது 300 கிலோ வரை தாங்கும். சாதாரண டிபரென்ஷியலில் இரண்டுக்கும் 50 கிலோவே கிட்டுமாதலால் மொத்தம் 100 கிலோதான். லிமிடெட் ஸ்லிப் எனப்படும், வழுக்கலைக் குறைக்கும் வகையில், தகடுகளின் உராய்வினாலோ பற்சக்கரங்களின் நெருக்கத்தினாலோ பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிக விசை செல்லும். அது இரண்டரை மடங்கு வரை தருவதாயின், 50-உம் 125-உம் சேர்ந்து 175 கிலோவாகும். இரு அரை அச்சுகளையும் ஒன்றாகப் பிணைத்துவிடும் பூட்டு வகையிலோ 350 கிலோ கிடைக்கும்.

வாய்க்காலைக் குறுக்கே கடக்கும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் வேற்றுமை இன்னும் பெரிது. பற்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப்பில், பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யமே. தகடு வகையில் வில்லின் அழுத்தத்தால் சிறிது விசை மிஞ்சும். பாரமேற்றிய வண்டிக்கு அது பெரும்பாலும் போதாது. நான்கு சக்கரங்களும் ஓடும் வண்டியாயினும், முன்னும் பின்னும் சாதாரண டிபரென்ஷியல்களே இருந்தால், முன்பக்கத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் ஒன்றும் பிடிப்பிழந்த மாத்திரத்தில் அது நின்றுவிடும். இதை அறியாமல் அதிக விலை கொடுத்து ஏமாந்தவர் பலர்.

ஆயினும் பூட்டு அபாயமற்றதன்று. பூட்டிய வண்டி நேராகவே செல்லப் பார்க்கும். தார்ச்சாலையில் அவ்வாறே திருப்பினால் டயர் தேயும், அரை அச்சு முறியவுங்கூடும். பக்கச் சரிவான வழுக்குப் பாதையில் இரு சக்கரங்களும் ஒருங்கே பிடிப்பிழந்து வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கிச் சறுக்கும். மலைத்தோட்டக்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முன் அச்சைப் பூட்டினால் ஸ்டியரிங் மிகவும் கனத்துவிடும். டிராக்டரில் காலால் மிதிக்கும் டிபரென்ஷியல் பூட்டைப் பழகியவர்களுக்கு முறை தெரிந்ததே: நேராகச் செல்லும்போது, சக்கரம் சுழலத் தொடங்குமுன் பூட்டி, திரும்புமுன் விடுவிக்க வேண்டும். வேகமாகச் சுழலும் சக்கரத்தைத் திடீரெனப் பூட்டுவது பற்களை உடைக்கும் வேலை.

ஆகவே, பெரும்பாலும் சாலையில் ஓடி, மாதத்தில் சில நாள் மாத்திரம் சேற்றிலும் வாய்க்காலிலும் இறங்கும் பாரவண்டிக்கு, ஓட்டுநர் வேண்டும்போது பூட்டக்கூடிய வகையே உத்தமம். 2021-இல் வெளிவந்த ஃபோர்ஸ் கூர்க்காவில் இரு அச்சுகளிலும், 2022-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் பின் அச்சிலும் இத்தகைய பூட்டு அமைந்தது. 2020-இன் மகேந்திரா தாரில் சில பிரிவுகளுக்கு, இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் மிகும்போது தானே பூட்டிக்கொள்ளும் பின் டிபரென்ஷியல் தரப்பட்டது. ஓட்டுநர் மறதியுள்ளவராயின் இதுவே மேல். நாள்தோறும் ஈரமண் சாலையில் சற்று வேகமாக ஓட வேண்டிய வண்டிக்கு லிமிடெட் ஸ்லிப் ஏற்றது. எனினும் தகடு வகைக்குத் தனிவித எண்ணெய் ஊற்ற வேண்டும், தகடுகளும் நாளடைவில் தேயும். களத்துமேடு வரை தார்ச்சாலையே உள்ளவருக்கு இரண்டும் வேண்டியதில்லை; அந்தப் பணத்தில் ஆழ்ந்த பட்டையுள்ள டயர்களை வாங்கலாம்.

பழைய வண்டி வாங்குவோர் ஒரு சோதனை செய்யலாம். முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் தரையினின்று உயர்த்தி, அச்சுக்கு உறுதியான தாங்கிகளை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்தி ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மற்றது எதிர்த்திசையில் சுழன்றால் சாதாரண டிபரென்ஷியல், அல்லது விடுவிக்கப்பட்ட பூட்டு. அதே திசையில் சுழன்றால் பூட்டிய நிலை, அல்லது தேயாத தகடு வகை. பூட்டு இருப்பதாகச் சொல்லி விற்பவர், அதைப் போட்டு மறுமுறை சுற்றிக் காட்டட்டும். பற்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப்பும் எதிர்த்திசையிலேயே சுழலுமாதலால், அதை இச்சோதனையால் கண்டுபிடிக்க இயலாது. அச்சின் மேலுள்ள தகட்டு எண்ணைக் கொண்டு மெக்கானிக்கைக் கேட்டறிய வேண்டும்.